கடல் மேலே, வடக்கு இடப்பக்கம்

பழைய நில வரைபடங்கள் விற்பவனுக்கு வாடிக்கையாளர் குறைவு, கழுத்துவலி அதிகம். கடை வைத்திருக்கும் எல்லாருக்கும் இது புரியும்: பொருளை விற்பதைவிட, அதை எப்படிப் பிடிப்பது என்று சொல்லித் தருவதில்தான் உயிர் போகும்.

எது மேலே?

ராயபுரத்தில் என் கடைச் சுவரில், வெள்ளைக்காரன் காலத்தில் அளந்த திருவொற்றியூர்–எண்ணூர் கடற்கரைப் படம் ஒன்று தொங்கியது. மீனவக் குப்பத்து ஆட்கள் யார் வந்தாலும் அதைக் கழற்றி, கடல் தங்களுக்கு எதிரே வரும்படி திருப்பிப் பிடிப்பார்கள். எழுத்தெல்லாம் படுத்துக்கொள்ளும். வடக்குதான் மேலே, அது உலக வழக்கம் என்று நான் நிமிர்த்தி மாட்டுவேன். மீன் விற்கும் அஞ்சலை ஒருநாள் இடுப்பில் கை வைத்தாள்.

"கரையில நின்னா கடல் எதுர்ல கீது. நீ இன்னாடான்னா ஓரங்கட்டி வெச்சிக்கீற. இன்னா சார் உன் உலகம்?"

கடலுக்குள் ஒரு முகவரி

மறுநாள் அவள் தன் அண்ணன் ஏழுமலையை அழைத்துவந்தாள். அவர்களுடைய குப்பத்தைக் கடல் தின்றுவிட்டது; ஜனங்கள் எர்ணாவூர் அடுக்குமாடிகளில் இருக்கிறார்கள். இன்னமும் ஏழுமலைதான் தலைவர். அம்மன் திருவிழாவில் ஒவ்வொரு குப்பத்துத் தலைவருக்கும் தலையில் பரிவட்டம் கட்டுவார்கள். முதல் பரிவட்டம் இவர்களுடையது. இந்த ஆண்டு கிடையாது என்று பக்கத்துக் குப்பத்துத் தலைவர் காசி சொல்லிவிட்டாராம்: "ஊரே இல்ல, இன்னா மரியாதை?"

பூதக்கண்ணாடியை எடுத்தேன். இன்று அலையடிக்கும் இடத்தில் கறுப்புக் கட்டங்களாக வீடுகள், ஒரு கோயில் குறி, அருகில் அவர்கள் ஊர்ப்பெயர். அஞ்சலை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த செய்தியை வேண்டுமென்றே மெதுவாகச் சொன்னேன். காசியின் குப்பம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் புள்ளிகள். வரைபட மொழியில் புள்ளி என்றால் மணல்.

"அண்ணாத்தே," என்றார் ஏழுமலை, "அந்த மணலை இன்னொரு தபா காட்டு."

பரிவட்டம்

திருவிழாவுக்குப் படத்துடன் நானும் போனேன். காசி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் வேலையாகப் படத்தைக் கடல் எதிரே வரும்படி திருப்பினார். சண்டைக்காரர்கள் ஒத்துப்போகும் விஷயம் இது ஒன்றுதான். நான் குறியீடுகளை விளக்க ஆரம்பித்தேன். "நீ கம்முனு இரு நைனா" என்று கூட்டம் அடக்கியது. காசி தன் ஊரைத் தேடினார். தேடிக்கொண்டே இருந்தார்.

"அன்னிக்கு நீங்க இல்ல, இன்னிக்கு நாங்க இல்ல," என்றார் ஏழுமலை. "தரை வரும், போவும் மாமு. ஜனம் கீதா, இல்லியா?" எர்ணாவூரிலிருந்து ஷேர் ஆட்டோக்களில் வந்து இறங்கிய கூட்டம் "கீது!" என்று கத்தியது. மேளக்காரர் அதையே உத்தரவாக எடுத்துக்கொண்டு அடிக்கத் தொடங்கினார். காசி பூசாரியிடம் திரும்பினார்.

"மொதல்ல அவனுக்குக் கட்டுயா. இல்லாங்காட்டி வருசாவருசம் என்னை மணல்னே கூப்புடுவான்."

படம் கோயிலிலேயே தங்கிவிட்டது, கடல் மேலே, வடக்கு இடப்பக்கம். உலக வழக்கத்தைக் காப்பாற்ற என்னால் முடிந்ததெல்லாம், அதன் முன்னால் நின்று என் கழுத்தைச் சாய்த்துக்கொள்வதுதான்.