அரசியின் ஜீப்பும் என் தோள்பையும்

என் மனைவியின் ஜீப்பை ஓடவிடாமல் செய்தவன் நான்தான்.

உதிரிப் பாகம் கிடைக்காமல் அது நின்றுபோனது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அவளும் அப்படித்தான் நினைக்கிறாள். பாகம் கிடைத்தது... என் கையிலேயே கிடைத்தது! அதை வாங்கிவந்து எங்கள் வீட்டுப் பரணில், கொலுப் பொம்மைப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன்.

ஏன் என்று கேட்கிறீர்களா? பொறாமை. வேறு பெயர்கள் வைத்துப் பார்த்தேன். அக்கறை என்றேன், அவளுடைய பாதுகாப்பு என்றேன். எதுவும் ஒட்டவில்லை. ஒரு பழைய இரும்பு வண்டியைப் பார்த்து வயிறெரிந்தவன் நான். சிரிப்பு வருகிறதா? சிரியுங்கள்... முழுக்கக் கேட்ட பிறகும் சிரிக்க முடிந்தால் நல்லதுதான்.

தி.நகரில் ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துகிறேன். அடுத்தவர் பிழைகளைச் சிவப்பு மையால் சுழித்துச் சம்பளம் வாங்குகிற வேலை. அரசி கோபாலபுரத்தில் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. மகன் கோவையில் படிக்கிறான். ராஜா அண்ணாமலைபுரத்து அடுக்ககத்தில், இரண்டாம் மாடியில், நாங்கள் இருவர் மட்டும்.

அவள் பள்ளியை ஒட்டியிருந்த பழைய பங்களாவின் மூலையில் ஒரு ஜீப் கிடந்தது. நான்கு சக்கரங்களுக்கும் விசை போகிற பழைய வகை. டயர்கள் மண்ணில் புதைந்து, உள்ளே பூனை குட்டி போட்டிருந்தது. பங்களாவை இடிக்கப்போகிறார்கள், வண்டி எடைக்குப் போகப்போகிறது என்று தெரிந்த நாளில் அவள் நேராக உள்ளே போய் வீட்டுக்காரரிடம் பேசிவிட்டாள்.

"என்னங்க, நான் ஒரு ஜீப் வாங்கிட்டேன்" என்றாள் அன்று மாலை.

வாங்கலாமா என்றல்ல. வாங்கிட்டேன்!

"எதுக்கு?"

"தினம் ஸ்கூலுக்குப் போக."

"அதான் கார் இருக்கே."

"அது உங்களோடதுங்க" என்றாள். அதில் குத்தல் ஏதும் இல்லை. தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னாள். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. கடனில் வாங்கிய என் வெள்ளைக் கார், கியரே மாற்ற வேண்டாத கார், அது நம்முடையது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவளை ஒருநாளும் ஓட்டவிட்டதில்லை என்பதை அப்போது நான் யோசிக்கவே இல்லை.

மயிலாப்பூர்ச் சந்து ஒன்றில் இஸ்மாயில் பாயின் பட்டறை. ஜீப்பை அங்கே இழுத்துக்கொண்டு போனார்கள். அதன்பின் ஒரு வருஷத்துக்கு மேல் என் மனைவி எனக்கு மிச்சமாகத்தான் கிடைத்தாள். பள்ளி விட்டதும் பட்டறை. துருப்பிடித்த அடித்தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்றவைத்தார்கள். எலி கடித்த ஒயரையெல்லாம் மாற்றினார்கள். அவள் நக இடுக்குகளில் கறுப்பு ஏறி, எத்தனை தேய்த்தாலும் போகாமல் நின்றது. சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து பிரேக் டிரம்மைப் பற்றிப் பேசினாள்... நான் தொடங்கிய பேச்சைக்கூட அங்கேதான் கொண்டுபோய் முடித்தாள்.

ஒருநாள் அலைபேசியில் யாரிடமோ விழுந்து விழுந்து சிரித்தாள். இருபது வருஷக் குடித்தனத்தில் என்னோடு அப்படிச் சிரித்ததாக நினைவில்லை.

"யாரு?"

"இஸ்மாயில் பாய்ங்க. பிரேக் புடிச்சிடுச்சாம்! மூணு வாரமா படுத்தின பிரேக்!"

அந்த மனிதருக்கு என் அப்பா வயது. ஆனாலும் நான் என்னவெல்லாம் நினைத்தேன் தெரியுமா? வேண்டாம், அதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். நான் எழுதினால் அவருக்கு அவமானம்.

பாயோ என்னைப் பார்க்கும்போதெல்லாம் வாயெல்லாம் பல்லாகச் சொல்வார்: "சார், உங்க வூட்டம்மா கையில வெவரம் கீது சார். நம்ம பசங்க ரெண்டு பேர் செய்ற வேலைய அவங்க ஒருத்தரே செய்துட்டு போறாங்க."

நான் தலையாட்டுவேன். உள்ளே எரியும்.

வண்டி தயாரான அன்று மயிலாப்பூர்க் கோயில் வாசலில் பூசை. இலைப்பச்சை நிறத்தில் அது மினுமினுத்தது. சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். பூசணிக்காயில் கற்பூரம் ஏற்றி யார் சுற்றுவது என்று பேச்சு வந்தபோது அரசி என் கையில் கொடுத்தாள்.

"நீங்கதான் சுத்திப் போடணும். யார் கண்ணும் படக்கூடாது என் வண்டிக்கு."

சுற்றினேன். ஊர்க் கண், உறவுக் கண், நாய்க் கண், நரிக் கண் என்று முணுமுணுத்துக்கொண்டே சுற்றினேன். அந்த ஜீப்பின்மேல் உலகத்திலேயே மிகக் கொடிய கண்ணை வைத்திருந்தவன் அதற்குத் திருஷ்டி கழித்துக்கொண்டிருந்தான்! போட்டு உடைத்த பூசணிக்காய் சிதறி என் செருப்பெல்லாம் குங்குமம்.

அதோடு முடியவில்லை. சாவியை நீட்டி, "முதல்ல நீங்க ஓட்டுங்க" என்றாள். எவ்வளவு பெரிய மனசு பாருங்கள்... எனக்கு அது வேறு தாங்கவில்லை. அடையாறு பாலத்து ஏற்றத்தில் வண்டி உலுக்கி நின்றுபோனது. கிளட்ச் என்பதையே என் கால் மறந்திருந்தது. பின்னால் ஆரன் முழக்கம். "ஓட்டத் தெரியலன்னா எறங்கு சார்!" என்று ஓர் ஆட்டோக்காரர் கத்தினார். அவள் இறங்கிச் சுற்றிவந்து, என்னை நகர்ந்துகொள்ளச் சொல்லி, ஒரே மூச்சில் பாலத்தைத் தாண்டினாள். பக்கத்து இருக்கையில் நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அன்றிலிருந்து அந்த ஜீப்தான் அவளுக்கு அன்றாட வண்டி. பள்ளிக்கும் அதுதான், காய்கறிக்கும் அதுதான், பட்டினப்பாக்கத்து மீனுக்கும் அதுதான். தெருவே அவளைப் பார்த்தது. என் காருக்குக் கதவைக்கூடச் சரியாகத் திறக்காத காவலாளி அவளுக்கு சல்யூட் வைத்தார். தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர் என்னை நிறுத்திக் கேட்டார்: "இன்னா சார், நம்ம ஜீப்பம்மா வூட்டுக்காரர்தானே நீங்க?"

ஜீப்பம்மா வீட்டுக்காரர்! இத்தனை வருஷம் அந்தத் தெருவில் குடியிருந்த எனக்குக் கிடைத்த பெயர்.

காலையில் மாடியில் நின்று அவள் கிளம்புவதைப் பார்ப்பேன். ஏறி உட்கார்ந்ததும் அவள் தோள்கள் நிமிரும். முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அந்த வெளிச்சத்துக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதுதான்... அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பிறகு மழை வந்தது. தி.நகரில் முழங்கால் தண்ணீரில் என் கார் இருமிவிட்டு அணைந்தது. அலுவலகத்து ஆட்கள் குடை பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்க, அரசிக்குப் போன் செய்தேன். வேறு யாருக்குச் செய்வது? தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தாள். புடவையைத் தூக்கிச் செருகி, இறங்கி, சங்கிலியைக் கட்டி, நான்கு சக்கரத்துக்கும் விசை கொடுக்கிற குட்டிக் கியர்க் குச்சியைத் தள்ளி, என்னையும் காரையும் சேர்த்து இழுத்துக் கரையேற்றினாள். "வீட்டம்மாவா சார்? செம சார்!" என்று என் உதவியாளன் படம் எடுத்தான். நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு பொம்மைபோல் உட்கார்ந்திருந்தேன்.

திரும்பும் வழியில், லஸ் முனையைத் தாண்டும்போது, ஜீப்புக்கு அடியில் கடக்கென்று ஒரு சத்தம். அதோடு நின்றது.

என்னை இழுத்ததில் உடைந்ததுதான் அது. இதை நீங்கள் மறந்துவிடாதீர்கள்.

பாய் பிரித்துப் பார்த்தார். விசையை முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற சின்னக் கியர்ப் பெட்டிக்குள் ஒரு பல்சக்கரம் நொறுங்கியிருந்தது. "இந்த மாடலுக்கு மட்டும் பல்லு கணக்கு வேற சார். புதுசா யாரும் செய்றதில்ல. பழசு எங்கனா கெடைச்சாத்தான் உண்டு." லேத்தில் ஒன்றை வெட்டிப் போட்டும் பார்த்தார். ஊளையிட்டுக்கொண்டே சில நாள் ஓடி அதுவும் உடைந்தது.

"கண்ணு பட்டுடுச்சுங்க" என்றாள் அரசி. என்னையே உப்பும் மிளகாயும் சுற்றிப் போடச் சொன்னாள். போட்டேன்.

பழைய வண்டிப் பாகங்கள் விற்கிற புதுப்பேட்டைக்குச் சனிக்கிழமைதோறும் நான் போய்த் தேடுவதாகச் சொன்னேன். முதலில் உண்மையாகவே தேடினேன், நம்புங்கள். உடைந்த சக்கரத்தைப் பையில் போட்டுக்கொண்டு கடை கடையாக ஏறினேன். அவள் முகம் வாடிக் கிடந்தது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் வீட்டில் இருந்தாள். மாலையில் என்னோடு தேநீர் குடித்தாள். என் பேச்சைக் கேட்டாள்...

ஒரு சனிக்கிழமை, ஒரு கடைக்காரர் என் உடைந்த சக்கரத்தை வாங்கிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். கிரீஸ் அப்பிய ஒன்றைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

"பார் நைனா, ரெட்டப்புள்ள மாதிரி கீது! இது ஒண்ணுதான் சார் வந்துச்சு. எட்த்துக்கினு போ. இத்த வுட்டா வேற கெடைக்காது."

போனை எடுத்தேன். அவள் பெயர்வரை போய்விட்டது விரல். அப்போது அந்தக் காலைகள் ஞாபகம் வந்தன. மாடியில் நான், கீழே அவள், அந்த வெளிச்சம். போனைச் சட்டைப்பையில் போட்டேன். வாங்காமல் வந்தால் நாளை பாய் வந்து வாங்கிவிடுவார். அதனால்... வாங்கினேன்! அவளுக்குக் கிடைக்கக்கூடாது என்பதற்காகவே வாங்கினேன். இப்படி ஒரு புத்தி எனக்குள் எங்கே இருந்தது?

வீட்டுக்கு வந்து உதட்டைப் பிதுக்கினேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

சில வாரம் கழித்து அவளே புதுப்பேட்டை போய்வந்தாள். எனக்கு உயிரே போய்விட்டது. வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "ஒண்ணே ஒண்ணு வந்துச்சாங்க. யாரோ வாங்கிட்டுப் போயிட்டாராம். பாவம், அவர் வண்டியும் நம்மளது மாதிரிதான் நின்னு போயிருக்கும். அவராவது ஓட்டட்டும்."

அவராவது ஓட்டட்டும்... அந்த 'அவர்' நான். அவள் தலைக்கு மேலே, பரணில், அந்தச் சக்கரம் பழைய துண்டில் சுற்றிக் கிடந்தது. அன்று சொல்லியிருக்கலாம். வாய் திறந்தேன். "காபி வேணுமா?" என்று கேட்டேன்.

ஜீப்பை அவள் கோடம்பாக்கத்தில் ஒருவருக்கு விற்றாள். படப்பிடிப்புகளுக்குப் பழைய வண்டிகளை வாடகைக்கு விடுகிறவர். ஓடாவிட்டாலும் நின்றால் போதும் அவருக்கு. விற்ற அன்று அவள் அழவில்லை. மறுநாளிலிருந்து பேருந்தில் போனாள். கார்ச் சாவியைக் கொடுத்தேன். "வேண்டாங்க, அது உங்களோடது" என்றாள் மறுபடியும்.

நான் விரும்பியது நடந்தது. அவள் வீட்டில்தான் இருக்கிறாள். ஆனால் தோள்கள் நிமிர்வதில்லை. எனக்குத் திரும்பக் கிடைத்தவள் நான் கேட்ட அரசி இல்லை.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. அவள் என்மேல் முன்பைவிட அன்பாக இருக்கிறாள்! "எனக்காக வெயில்ல மழையில அலைஞ்சாரு இவரு" என்று தன் தங்கையிடம் சொல்கிறாள், பக்கத்து வீட்டில் சொல்கிறாள். நவராத்திரிக்குப் பரணில் நானே ஏறிப் பெட்டியை இறக்கினால், முதுகு வலியோடு செய்கிறாரே என்று உருகுகிறாள். வேறு யாரையும் நான் ஏறவிடாததன் காரணம் உங்களுக்குத் தெரியும்.

சென்ற மாதம் கோடம்பாக்கத்துக்காரர் போன் செய்தார். இடத்தைக் காலி செய்கிறாராம். வண்டியை உடைக்கக் கொடுக்கும் முன் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று நினைத்தாராம். போனை வைத்துவிட்டு அரசி என்னைப் பார்த்தாள். ஒரு விநாடி, அந்தப் பழைய வெளிச்சம்...

"தீபாவளி வரைக்கும் வெச்சிருக்கேன்னு சொல்றாருங்க. நீங்க இன்னும் ஒரே ஒரு தடவை தேடிப் பாருங்களேன்?"

எளிதுதானே என்பீர்கள். பரணிலிருந்து எடு, கிடைத்துவிட்டது என்று கொடு. கொடுத்தால் என்ன ஆகும் தெரியுமா? அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுவாள். ஊரெல்லாம் என் புகழ் பாடுவாள். திருடியவன் திருடிய பொருளையே பரிசாகக் கொடுத்துக் கும்பிடு வாங்குவதா? உண்மையைச் சொல்லிக் கொடுக்கலாம். அதற்கு எனக்குத் துணிவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. மறைக்காமல் சொல்கிறேன். போனை வைத்ததும் அவள் முகத்தில் வந்த அந்த வெளிச்சத்தைப் பார்த்தபோது... எனக்கு மறுபடியும் எரிந்தது!

இப்போது சனிக்கிழமைதோறும் போகிறேன். பல்சக்கரத்தைத் தோள்பையில் வைத்துக்கொண்டுதான் போகிறேன். இன்று சொல்லிவிடுவேன் என்று நினைத்தபடியே எடுத்துப்போகிறேன். புதுப்பேட்டையில் தேநீர் குடித்துவிட்டு, இரும்புக் கடைகளை வெறித்துவிட்டு, அதே சக்கரத்தோடு திரும்பிவருகிறேன். பை ஏன் இவ்வளவு கனம் என்று ஒருமுறை கேட்டாள். மெய்ப்புக் கட்டு என்றேன். நம்பினாள்.

நேற்றும் அப்படித்தான் வந்தேன். கதவுக்குப் பின்னால் பையை மாட்டிவிட்டு, சட்டையின் மேல் பொத்தான்களைக் கழற்றி உட்கார்ந்தேன். பையின் வார் அழுத்தித் தோளில் சிவப்பாகத் தடம் விழுந்திருந்ததை அவள் பார்த்துவிட்டாள். தைலத்தைக் கொண்டுவந்து, சூடு பறக்கத் தேய்த்தாள்.

"கெடைக்கலன்னா போகட்டுங்க. எனக்காக இப்படி உடம்பைக் கெடுத்துக்காதீங்க" என்றாள்.

நான் சட்டையை இன்னும் கொஞ்சம் விலக்கிக் காட்டினேன்.