வாசலில் கழற்றிய காலணி

என் கணவரின் வலது உள்ளங்காலில் புண் இருப்பதை முதலில் பார்த்தது நான்தான். பாலிகஞ்சில் நாங்கள் இருக்கும் ஒற்றை அறை வீட்டுக்குச் சிவப்புச் சிமெண்டுத் தரை. ரத்தம் பட்டது தரையில் தெரியவில்லை. துடைத்த துணியைப் பிழிந்தபோது தெரிந்தது. சர்க்கரை நோயால் அவருக்குப் பாதத்தில் உணர்ச்சியே இல்லை. எது குத்தியது, எப்போது குத்தியது என்று அவருக்குத் தெரியாது.

ஒன்றரை வருடம் அந்தப் புண் ஆறவில்லை. மாத்திரைகளை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் ஆஸ்பத்திரியில் ஒரு புது மருந்தைச் சொன்னார்கள். அது பரிசோதனையில் இருக்கும் களிம்பு. அதைக் கவனிக்க ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்திலிருந்து வாரம் ஒருமுறை ஒரு ஆராய்ச்சிப் பெண் ஆஸ்பத்திரிக்கு வருவாள். என்னை மாசிமா, அதாவது சித்தி என்று கூப்பிடுவாள். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள், நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிறவள் என்பதைப் புரிந்துகொண்டு, வங்காள மொழியில் நிதானமாக விளக்கினாள். பழைய புண்ணில் கிருமிகள் கூட்டமாகச் சேர்ந்து, மேலே பிசின் மாதிரி ஒரு படலம் போட்டுக்கொள்ளுமாம். அதைக் கொல்லக்கூடிய சின்னப் புரதத் துணுக்குகள் உண்டு. ஆனால் அவை புண்ணின் நீரிலேயே சிதைந்துபோகும். அதனால் கண்ணுக்குத் தெரியாத நானோ துகள்களுக்குள் வைத்து அனுப்புகிறார்கள். உள்ளே போய்க் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவரும்.

முப்பது வருடம் லாஞ்ச் படகில் கங்கையைத் தாண்டி ஹவுராவுக்கு வேலைக்குப் போனவர் என் கணவர். "நம்ம லாஞ்ச் மாதிரிதான். தண்ணி படாம ஏத்திட்டுப் போய் அக்கரையில இறக்கி விடுது," என்றார். அந்தப் பெண்ணுக்கு வங்காளத்தில் அதைச் சொன்னதும் சிரித்துவிட்டாள்.

களிம்போடு ஒரு காலணியும் கொடுத்தார்கள். புண் இருக்கும் இடத்தில் பாரம் விழாதபடி செய்தது. வீட்டுக்குள்ளும் அதைப் போட்டுத்தான் நடக்க வேண்டும், கழிவறைக்குப் போனாலும் கழற்றக்கூடாது என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் வாசலில் என் கணவர் தயங்கி நின்றார்.

"உள்ளயும் போட்டுக்கணும்னு சொன்னாரே."

"சாமி இருக்கற எடம்ங்க. கழட்டிட்டு வாங்க," என்றேன்.

எங்கள் சாமி அலமாரி அதே அறையில்தான் இருக்கிறது, கட்டிலுக்கு எதிரே. இத்தனை வருடத்தில் அந்த நிலைப்படியைச் செருப்போடு யாரும் தாண்டியதில்லை; மின்சார வேலைக்கு வந்தவரைக்கூட நான் விட்டதில்லை. அதோடு, இவ்வளவு பெரிய மருந்து வந்திருக்கிறது, பத்தடி நடப்பதால் என்ன ஆகிவிடும் என்றும் நினைத்தேன். அவர் குனிந்து கழற்றினார்.

அந்தப் பெண் வாராவாரம் கண்ணாடித்தாளைப் புண்மேல் வைத்துப் பேனாவால் அதன் ஓரத்தை வரைவாள். முதல் மாதம் வட்டம் சிறுத்தது. நாற்றம் போனது. பிறகு அப்படியே நின்றது. ஓரத்தில் தோல் தடித்து, அதற்கடியில் புதிதாகப் பிளந்தது.

"கிருமி நல்லா குறைஞ்சிருக்கு மாசிமா. ஆனா புண் மூட மாட்டேங்குது," என்றாள். கையில் இருந்த தாளைப் பார்த்துக்கொண்டே, "வீட்டுல ஷூ போட்டுத்தானே நடக்கறார்?" என்று கேட்டாள்.

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவள் படிவத்தில் ஒரு கட்டத்துக்குள் குறி போட்டாள். அடுத்த வாரமும் கேட்டாள். அடுத்த வாரமும் தலையாட்டினேன். ஒருமுறை ஆட்டிய தலையை எப்படித் திருப்பி ஆட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டில் மட்டும் ரகசியமாகப் போடச் சொல்லியிருக்கலாம். அதையும் செய்யவில்லை. சொன்னால், அதுவரை நான் செய்தது தப்பு என்று ஆகிவிடும்.

ஊரே கொண்டாடும் பூஜைக்கு முந்தைய வாரம் அவருக்குக் காய்ச்சல் வந்தது. எலும்பு வரை போய்விட்டது என்றார்கள். முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

வார்டுக்கு அந்தப் பெண் வந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "இவருக்கு மருந்து வேலை செய்யலைன்னுதான் எழுதணும். எங்களை மன்னிச்சிடுங்க மாசிமா."

அவள் கண் கலங்கியிருந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். அதற்கும் தலையைத்தான் ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்த அன்று, மிச்சமிருந்த இடது காலுக்கு அவர்கள் கொடுத்த புதுக் காலணியைப் போட்டிருந்தார். இரண்டு பக்கமும் கட்டையை ஊன்றி வாசல் வரை வந்தவர், நிலைப்படியில் நின்றார். ஒரு கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு, காலணியின் பட்டையை எடுக்கக் குனிந்தார்.

"கழட்டாதீங்க," என்றேன்.

நிமிர்ந்து சாமி அலமாரியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். குரலில் கோபமே இல்லை.

"அப்பவும் இதே சாமிதானே."

காலணியோடு உள்ளே வந்தார். சிவப்புத் தரையில் அதன் தூசித் தடம் கட்டில் வரைக்கும் தெளிவாகத் தெரிந்தது. அந்தப் பெண்ணின் போன் நம்பர் எழுதிய சீட்டு குளிர்சாதனப் பெட்டியின்மேல் இன்னும் ஒட்டியிருக்கிறது. அவள் தாள்களில் வாராவாரம் நான் சொன்ன பொய்யும் அப்படியே இருக்கிறது.