நீர்யானையின் முதுகு

இரும்பு கேட் செய்பவள் என்பதால் அவளுக்குக் கேட்டக்கா என்று பெயர் வந்தது. பெற்றவர்கள் வைத்த பெயர் வங்கிப் புத்தகத்தில் மட்டும் இருந்தது. ஐம்பத்திரண்டு வயதிலும் ஒரு கையால் வெல்டிங் மிஷினைத் தூக்கி வண்டியில் வைத்துவிடுவாள்.

ஒருநாள் சிறுவர் நூலகத்தின் நூலகர் ஒரு படப்புத்தகத்தோடு பட்டறைக்கு வந்தாள். மடியில் பையை வைத்துக்கொண்டு பேருந்துக்குக் காத்திருக்கும் ஒரு நீர்யானையின் கதை. நூலக வாசலில் இருக்கும் பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சில் அந்த நீர்யானையை இரும்பில் செய்து உட்கார வைக்க வேண்டுமாம்.

"நான் கேட்டு செய்றவம்மா. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் நேர்கோடுதான்."

"எங்க நூலகத்துக்கு நீங்க செஞ்ச ஜன்னல் கம்பியில ஒரு பூனை இருக்கே, அது யார் கேட்டு வச்சீங்க?"

கையும் களவுமாகப் பிடிபட்டது போல் கேட்டக்கா சிரித்துவிட்டாள். அத்தோடு வேலையும் அவள் தலையில் ஏறியது.

வயிறு சுலபமாக வந்தது. பழைய தண்ணீர்த் தொட்டியின் தகட்டைத் தட்டித் தட்டி உருட்டினாள். மூக்குக்கு மூன்று நாள் ஆனது. காதுகள் இரண்டும் உள்ளங்கை அளவுதான், ஆனால் அவைதான் அவள் உயிரை வாங்கின. எல்லாம் முடிந்து பின்பக்கம் திரும்பியபோதுதான் விஷயம் உறைத்தது. புத்தகத்தின் இருபத்துநான்கு பக்கத்தையும் புரட்டினாள். முன்னால் இருந்து, பக்கவாட்டில் இருந்து, மழையில், வெயிலில் என்று எல்லாம் இருந்தது. முதுகு மட்டும் ஒரு படத்திலும் இல்லை.

"தட்டையா ஒரு தகட்டை வச்சு மூடிடுங்க, யார் பாக்கப் போறா?" என்றார் நகராட்சிப் பொறியாளர்.

ஆனால் நூலகத்தை விட்டு வெளியே வரும் குழந்தைக்கு முதலில் தெரியப்போவதே அந்த முதுகுதான். கேட்டக்கா நூலகரிடம் எண் வாங்கி, படம் வரைந்த பெண்ணுக்கே போன் செய்தாள்.

"முதுகா? நானே அதைப் பாத்ததில்லைக்கா. உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச முதுகு ஏதாவது இருந்தா அதையே வச்சிடுங்க."

நல்லாத் தெரிஞ்ச முதுகு ஒன்று இருந்தது. பத்தொன்பது வயதில் அவள் வேலைக்குப் போன பேருந்தில் ஓட்டுநருக்குப் பின்னால் இருந்த இருக்கைதான் அவளுக்குக் கிடைக்கும். அந்த ஓட்டுநரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் ஏழெட்டு மாதம் முதுகைத்தான் பார்த்தாள். சிரிப்பு வந்தால் முதலில் தோள் குலுங்கும். திருப்பத்தில் உடம்பு இடப்பக்கம் லேசாகச் சாயும். பிறகு அந்த ஓட்டுநரையே கட்டிக்கொண்டாள்.

போன வருடம் நெஞ்சுவலி வந்து, இனி வண்டி ஓட்டக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மனிதர் வாசல் தாண்டவில்லை. சமைப்பார், துணி மடிப்பார், கேட்டதற்குப் பதில் சொல்வார். அதற்கு மேல் பேச்சில்லை.

மதியம் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போன கேட்டக்கா ஒரு மெல்லிய கம்பியைக் கையோடு கொண்டுபோனாள். அவர் முக்காலியில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். கழுத்திலிருந்து இடுப்பு வரை கம்பியை வைத்து வளைத்தாள்.

"என்ன பண்ற?"

"அளவு எடுக்கறேன். அசையாதீங்க."

"எதுக்கு?"

"நீர்யானைக்கு."

வெங்காயம் நறுக்கிய கத்தி நின்றது. "என்னைப் பாத்தா உனக்கு நீர்யானை மாதிரியா இருக்கு?"

"உங்க மாதிரி அது இருக்கட்டுமேன்னு பாக்கறேன்."

தோள் குலுங்கியது. கம்பி நழுவிக் கீழே விழுந்தது. பல மாதம் கழித்துப் பார்க்கும் குலுக்கல் அது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெங்காயம் என்றாள். நறுக்கியது அவர்தான் என்பதை இருவருமே கண்டுகொள்ளவில்லை.

பழைய முதுகு நேராக இருந்தது. இப்போதைய முதுகு நடுவில் கூனி, இடத்தோள் இறங்கியிருந்தது. எதைச் செய்வது என்று இரண்டு நாள் யோசித்தாள். கடைசியில் கம்பி சொன்னதையே செய்தாள். பொருத்த வந்த அன்று, "இடப்பக்கம் சாஞ்சிருக்கே, நிமிர்த்திடலாமா?" என்று பொறியாளர் கேட்டார்.

"ரொம்ப நேரமா காத்திட்டிருக்குல்ல சார், அப்படித்தான் இருக்கும்" என்றாள்.

வீட்டுக்காரர் மட்டும் பார்க்க வரவில்லை. கேட்டக்காவும் வற்புறுத்தவில்லை. மூன்றாவது வாரம் ஒரு காலை பட்டறைக்குப் போன் வந்தது. பின்னால் பேருந்து ஹாரன் கேட்டது.

"நான்தான். பெஞ்சுல உக்காந்திருக்கேன். ஒரு சின்னப் பொண்ணு வந்து நீர்யானை முதுகுல சாஞ்சுக்கிட்டு புத்தகம் படிக்குது."

"சரி."

"அது மடியில இருக்கற பையோட பட்டன் ஆடுது. புள்ளைங்க திருகித் திருகிப் பாக்குதுங்க. கையைக் கிழிச்சிடப் போகுது. மிஷினை எடுத்துட்டு வா."

"மத்தியானம் வரட்டுமா?"

"இப்பவே வா. நான் இங்கதான் இருக்கேன்."

கேட்டக்கா கையிலிருந்த கேட்டை அப்படியே சுவரில் சாய்த்துவிட்டு வண்டியை எடுத்தாள்.