திட்டக்குடி ஷாஜீரா தோட்டத்துக்குப் போகாதீர்கள்

கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்றிருந்தேன். பத்து நாளாகியும் ஆறவில்லை.

சிதம்பரம் அண்ணாமலை நகரில் பிரியாணிக் கடை வைத்திருக்கிறேன். தாளிக்க ஷாஜீரா வேண்டும். சீரகத்தைவிட மெலிந்து, கறுத்து, வளைந்திருக்கும். சீமைச் சோம்பு என்றும் சொல்வார்கள். குளிர் நாடுகளில் விளைவது. “திட்டக்குடி பக்கத்தில் ஷாஜீரா தோட்டம், நேரில் பாருங்கள், விதையும் கிடைக்கும்” என்று ஒரு வீடியோ வந்ததும் நம்பமுடியாமல்தான் கிளம்பினேன்.

காலை ஆறரைக்கு விருத்தாசலம் பஸ். அங்கே மாறி, திட்டக்குடியில் இறங்கும்போது பத்தாகிவிட்டது. தோட்டத்துக்கு ஆட்டோ நூற்றைம்பது, நுழைவுக் கட்டணம் நூறு. குடிக்கத் தண்ணீர்கூட வைக்கவில்லை.

வாசலில் வெள்ளைப் பூக்கள் நிறைந்த பெரிய பேனர். உள்ளே கேரட் இலை மாதிரி, கணுக்கால் உயரத்தில் வெறும் தழை. ஒரு பூ இல்லை. சுற்றிக்காட்டியவர் விதை விற்கும் கம்பெனி ஆள். நிலம் செல்வி என்பவருடையது; அவரும் கூடவே வந்தார். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை போட்டுக்கொண்டிருந்த கொல்லை. மகசூலைத் தாங்களே விலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லி மாற்றவைத்திருக்கிறார்கள்.

“எப்பங்க விதைச்சது?” என்றேன்.

“போன கார்த்திகைல” என்றார் செல்வி.

கம்பெனி ஆள் குறுக்கிட்டார். “இது ரெண்டு வருசப் பயிரு, அக்கா. வர்ற தைல பூத்துடும்.”

“ரெண்டு வருசப் பயிர்தான். நடுவுல ஒரு குளிர்காலம் வேணுமே. என் தம்பி வெளிநாட்டுல, இதைப் போட்டுச் சுடுற ரொட்டிக் கடைல வேலை செய்யறான். அங்க பனி மூடிக் கெடந்த பிறகுதான் இது பூக்குதாம். திட்டக்குடியில பனி எங்க பெய்யுது?”

“பாக்க வந்தீங்களா, போட்டோ எடுத்துட்டுப் போங்க. அவுங்க பொழப்பைக் கெடுக்காதீங்க.”

யார் பிழைப்பை யார் கெடுப்பது? செல்வி என் பக்கத்தில் வந்து நின்றார்.

“அப்ப பூக்கவே பூக்காதா? மேலண்டக் கொல்லையிலயும் இதையே போடணும்னு நேத்துதான் கையெழுத்து கேட்டாங்க.”

“போட்றாதீங்கம்மா.”

செல்வி நேராகக் கொட்டகைக்குப் போய் ஆறு ஆடுகளையும் அவிழ்த்து வயலுக்குள் ஓட்டினார். கம்பெனி ஆள் கத்திக்கொண்டே ஓடிவந்தார்.

“என் கொல்ல, என் ஆடு. நீ யாருய்யா கேக்க?” என்றார் செல்வி. ஒரு வருச வெள்ளாமை போனது போனதுதான்.

போக நினைப்பவர்களுக்கு: பிரியாணிக்கு வேண்டுமானால் கடலூர் மளிகைக் கடைகளிலேயே கிடைக்கும், உள்ளங்கையில் தேய்த்து மோந்து பார்த்து வாங்குங்கள். இந்த மாதிரி வேறு தோட்டம் எதற்காவது போனால், பூ எங்கே என்று கேளுங்கள். நிலத்துக்காரர் காதில் விழும்படி, சத்தமாகக் கேளுங்கள்.