குருவிக்கு ஆறு கால்

அண்ணை, அந்த வீடியோவில் இருந்த உணர்கொம்பை அழித்தது நீங்கள்தான். மணப்பெண்ணின் முகப்பருவையும் மாப்பிள்ளையின் கழுத்தில் தொங்குகிற இரட்டை நாடியையும் அழிக்கிற அதே கணினியில் அழித்தீர்கள்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். டோர்ட்மண்டின் ஓரத்தில், ரயில் பாதைக்குப் பக்கத்தில், துண்டு துண்டாக வாடகைக்கு விடும் தோட்டங்கள் இருக்கின்றன. அதில் ஒன்று என்னுடையது. விடியற்காலையில் பேக்கரி வேலை. மத்தியானம் வந்து கத்தரிக்கும் வெந்தயக்கீரைக்கும் தண்ணீர் விடுவேன். வேலிக்கு அந்தப் பக்கம் இந்த அண்ணையின் துண்டு. எங்கள் ஆட்களின் கல்யாண வீடுகளுக்கு மேடை சோடிப்பதும் வீடியோ எடுப்பதும் அவர்தான். தொழிலில் கெட்டிக்காரர். அதுதான் பிரச்சினை.

போன கோடையில், என் கொட்டிலின் வெள்ளைச் சுவரோரம் நிற்கும் லவெண்டர் செடிக்கு ஒன்று வந்தது. பெருவிரல் அளவுதான். பூவுக்கு முன்னால் அந்தரத்தில் நின்றது. சிறகு தெரியவில்லை, மெல்லிய இரைச்சல் மட்டும். பின்பக்கம் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு சின்ன விசிறி. அண்ணை கமெராவைத் தூக்கிப் பிடித்தபடி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"தங்கச்சி, அசையாதை. ஹம்மிங்பேர்ட்."

"அதுகள் அமெரிக்காப் பக்கமெல்லோ அண்ணை இருக்கிறது."

"ஊரில தேன்சிட்டுப் பாத்து வளந்தவன் நான். எனக்குக் குருவி தெரியாதோ?"

நானும் தேன்சிட்டுப் பார்த்துத்தான் வளர்ந்தேன். அது வாழைப்பொத்தியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு குடிக்கும், கீச்சுக்கீச்சென்று கத்தி ஊரைக் கூட்டும். இது கத்தவும் இல்லை, உட்காரவும் இல்லை. கிட்டப் போய்ப் பார்த்தேன். தலையில் இரண்டு உணர்கொம்புகள், நுனி தடித்து நின்றன. அலகு என்று அவர் சொன்ன சாமான், குடித்து முடிந்ததும் முறுக்குப்போலச் சுருண்டது. அலகு சுருளுகிற குருவி எந்த நாட்டிலும் இல்லை. திரும்பிப் பறந்தபோது பின்சிறகு செம்மஞ்சளாக மின்னியது. அந்துப்பூச்சி. பகலில் பறக்கிற சாதி. அடுத்த துண்டு ஜெர்மன்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் "புறா வால்" என்று அந்தப் பூச்சியின் பேரைச் சொல்லிவிட்டு வெங்காயம் பிடுங்கப் போய்விட்டாள். அவளுக்கு அது அவ்வளவுதான்.

அன்று பின்னேரமே எங்கள் தமிழ்ச் சங்கத்தின் வாட்ஸப் குழுவில் வீடியோ வந்தது. மெதுவாக ஓடவிட்டு, பின்னால் நாதஸ்வரம் போட்டு, தங்க எழுத்தில் "டோர்ட்மண்டில் அதிசயக் குருவி" என்று தலைப்பும் கொடுத்திருந்தார். அதன் தலை, கழுவித் துடைத்த கோலிக்குண்டு மாதிரி இருந்தது. கொம்பைக் காணவில்லை.

"அண்ணை, இது அந்துப்பூச்சி. கொம்பு எங்கை?" என்று எழுதினேன்.

"சிலருக்குத் தங்கட தோட்டத்துக்கு வரேல்லை எண்டு எரிச்சல்" என்று பதில் போட்டார்.

அது என் லவெண்டர். என் சுவர். ஆனால் கீழே சிரிக்கிற முகங்கள் வரிசையாக விழுந்தன. அதற்குப் பிறகு தமிழ்க் கடைக்கு முருங்கைக்காய் வாங்கப் போனாலும், "எரிச்சல் அக்கா வாறா, வழி விடுங்கோ" என்றார்கள்.

அண்ணை சும்மா இருக்கவில்லை. மேடை சோடித்து மிஞ்சின பிளாஸ்டிக் செவ்வரத்தம்பூ மாலைகளை வேலி நீளத்துக்குக் கட்டினார். சிவப்புப் போத்தலில் சீனித்தண்ணீர் தொங்கவிட்டார். வெட்கக்கேடு என்னவென்றால், பூச்சி உண்மையாகவே பிளாஸ்டிக் பூவுக்கு வந்தது. நாக்கை விட்டுப் பார்த்துவிட்டு ஏமாந்து போனது. சங்கத்து ஆட்களைப்போல அதுவும் அவருடைய சோடனையை நம்பிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குருவி பார்க்க ஆட்களைக் கூப்பிட்டார். கதிரை, றோல்ஸ், பிளாஸ்கில் தேத்தண்ணி எல்லாத்தோடும் வந்தார்கள். குருவி வரவில்லை. சீனித்தண்ணீருக்குக் குளவி வந்தது. ஆட்கள் கதிரையைத் தூக்கிக்கொண்டு இடம் மாறி இடம் மாறி இருந்தார்கள்.

"அண்ணை, குருவியிட்ட டேர்மின் எடுத்தனீங்களோ?" என்று, டாக்டரிடம் நேரம் குறிப்பதுபோல, பின்னால் இருந்து ஒருவர் கேட்டார்.

அதற்குள் என் லவெண்டருக்கு அது வந்திருந்தது. ஜாம் போத்தலால் மெதுவாக மூடிக் கொண்டுபோய் எல்லாருக்கும் காட்டினேன். இரண்டு கொம்பு. ஆறு கால். சுருட்டின நாக்கு. அண்ணை ஒரு தடவை பார்த்தார்.

"இது அதின்ர குஞ்சு" என்றார்.

றோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு அக்கா வாயைத் துடைத்துவிட்டுக் கேட்டார்: "குஞ்சுக்கே ஆறு கால் எண்டால் தாய்க்கு எத்தினை அண்ணை?"

சிரிப்பு அடங்க வெகுநேரம் பிடித்தது. நான் போத்தலைத் திறந்து அதைப் போகவிட்டேன். விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

முடியவில்லை. ஆட்களை ஏமாற்ற நான் வேறு ஏதோ பூச்சியைப் பிடித்து வந்தேன் என்று அடுத்த நாள் குழுவில் எழுதினார். சிரித்த ஆட்களே அதை நம்பினார்கள். அவருடைய வீடியோ பார்க்க வடிவாக இருந்தது. என் போத்தலில் நாதஸ்வரம் இல்லை.

குருவி, பூச்சி, என்னவாவது சொல்லித் தொலையட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் வேலியோரம் ஒரு களை வளர்கிறது. மெல்லிய தண்டு, தண்டைச் சுற்றி நட்சத்திரம்போல இலை, பொடி வெள்ளைப் பூ. இந்தப் பூச்சியின் புழு அதைத் தின்றுதான் வளர்கிறது. பச்சைப் புழு, வால்பக்கம் ஒரு கொம்பு. அண்ணை தன் குருவிக்குச் சிவப்புப் பூ நட வேண்டும் என்று ஆகஸ்ட் மாதம் தன் பக்கத்துக் களை முழுவதையும் வேரோடு பிடுங்கிக் குப்பைக் குவியலில் எறிந்தார். விருந்தாளிக்குச் சாப்பாடு வைக்கப்போய் அதன் பிள்ளைகளைக் குப்பையில் போட்டார். நான் குவியலைக் கிளறி, அகப்பட்ட புழுக்களைப் பொறுக்கி, என் பக்கத்துக் களையில் விட்டேன். அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உனக்கு விசர் பிடிச்சிட்டுது தங்கச்சி."

"ஓம் அண்ணை. உங்கட குருவிக் குஞ்சுகளைத்தான் பொறுக்கிறன்."

இந்தக் கோடையிலும் அது வந்திருக்கிறது. இப்போது இந்த வேலியில் மிஞ்சி இருப்பது என் பக்கத்துக் களை மட்டும். நேற்று குழுவில் ஒரு அறிவித்தல். வருகிற ஞாயிற்றுக்கிழமை "குருவிப் பூங்கா" சிரமதானமாம். எல்லாரும் மண்வெட்டியோடு வரட்டாம். வேலியின் இரண்டு பக்கமும் துப்புரவாக்கப்படுமாம். "தங்கச்சியும் ஓம் எண்டவ" என்று கடைசியில் போட்டிருக்கிறீர்கள், அண்ணை. நான் எப்போது ஓம் என்றேன்? நான் வேலியில் நின்று மறித்தால் எரிச்சல் அக்கா மறிக்கிறா என்பார்கள். நீங்கள் சொன்னால்தான் மண்வெட்டியைக் கீழே வைப்பார்கள்.

ஆனபடியால், அண்ணை, உங்கள் வீடியோவை நேற்று திரும்பவும் பார்த்தேன். தலையில் கொம்பைத் துப்புரவாக அழித்திருக்கிறீர்கள். பின்னால் என் கொட்டில் சுவரில் விழுந்த நிழலை மறந்துவிட்டீர்கள். நிழலுக்கு இரண்டு கொம்பு இருக்கிறது.

எனக்குத் தனியாகப் போன் எடுக்க வேண்டாம். வேலிக்கு மேலால் மெதுவாகச் சொல்லவும் வேண்டாம். கை வைக்காத வீடியோவை ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னம் அதே குழுவில் போடுங்கள். போட்டுவிட்டு, எல்லாரும் பார்க்க, ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: அந்த நிழல் எந்தக் குருவியுடையது?