பிரசவ வார்டிலிருந்து புடவைக் கடைக்கு

ஆரணியில் ஒரு பட்டுப் புடவைக் கடையில் விற்பனைக்குச் சேர்ந்த முதல் நாளே சொதப்பினேன். சந்தவாசலிலிருந்து வந்த ஒரு அம்மா மகள் கல்யாணத்துக்கு ஒரு புடவையை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். நான் அதை மறந்து வேறொருவருக்குக் கொடுத்து, பில் போட அனுப்பிவிட்டேன்.

"அதான் வேணும்னு சொல்லிட்டுத்தானே போனேன்!" என்று அந்த அம்மா கண் கலங்கினார்.

"கொஞ்சம் கவனமா இருங்க சிஸ்டர். இப்படி ஆனா கடைக்குப் பேஜாராயிடும்" என்றார் முதலாளி.

எனக்குத் தாங்கவில்லை. அவர் திட்டியதற்காக அல்ல. நான் பிரசவ வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள். டூட்டி முடியும்போது எந்தத் தாய்க்கு பி.பி. ஏறியிருக்கிறது, எந்தக் குழந்தை பால் குடிக்கவில்லை என்று அடுத்த ஷிஃப்டுக்குக் கடகடவென்று ஒப்படைத்துவிட்டுப் போவேன். ஓய்வுபெற்ற பிறகு என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. டி.வி., தூக்கம், மறுபடி டி.வி. சீக்கிரமே பேச்சில் வார்த்தைகள் சிக்கின. ஒரு ஞாயிறு சர்ச் வாசலில், என்னோடு வேலை செய்தவளின் பெயரே வரவில்லை. கடைசிக் காலத்தில் என் அம்மாவுக்கு என்னையே அடையாளம் தெரியாமல் போனது. எனக்கும் அதுதானோ என்று நடுங்கினேன்.

பரிசோதித்த டாக்டர், "இப்போதைக்கு நோய்னு சொல்ற மாதிரி ஒண்ணும் இல்லீங்க. வீட்டுலயே அடைஞ்சுகினு இருக்காதீங்க. புதுசா ஏதாச்சும் கத்துக்குங்க. நாலு பேரோட பேசுங்க" என்றார். அதனால்தான் கடைக்கு வந்தேன். என் கணவர் சாமுவேலுக்கு இது பிடிக்கவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து நடந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தேன். "நாளையிலருந்து போகலைங்க" என்றேன்.

அவர் சிரித்தார். "போ ஸ்டெல்லா. போன வாரம் பூரா எங்கிட்ட நீ இவ்ளோ பேசுனியா? திட்டு வாங்கினு வந்தாலும் பரவால்ல, போ."

போனேன். மதியம் சாப்பிடப் போகுமுன், பக்கத்துக் கவுண்டர் ஜமுனாவிடம் பழைய பழக்கத்தில் ஒப்படைத்தேன்: "கத்திரிப்பூ கலர் பாக்கறவங்க மாமியாருக்கு எடுக்கறாங்க, கனமான புடவை காட்டாத. நீலப் புடவையை இன்னொருத்தங்க எடுத்து வெக்கச் சொல்லியிருக்காங்க, யாருக்கும் குடுத்துடாத."

"என்னா சிஸ்டர், பேஷண்டைப் பத்தி சொல்ற மாதிரி சொல்லிகினு இருக்கீங்க!" என்று சிரித்தாள். கொஞ்ச நாளில் அவளும் எனக்கு அப்படியே ஒப்படைக்கத் தொடங்கினாள். வாய்விட்டுச் சொன்னது மனதில் நின்றது. முதலாளியும் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை.

இன்னும் மறக்கிறேன். இனி மறக்கவே மாட்டேன் என்று எந்த டாக்டரும் உறுதி தரவில்லை. ஆனால் மறதிக்கு வெட்கப்பட்டு வீட்டுக்குள் ஒளிந்திருந்தபோது அது பெருகியது; நாலு பேர் நடுவே வந்தபோது அடங்கியது. ஓய்வுபெறப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: தெரிந்த வேலை முடிந்தால் தெரியாத ஒன்றில் இறங்குங்கள்.

புடவையின் உடலையும் பார்டரையும் தனித்தனி நூலில் நெய்து, சேரும் இடத்தில் பின்னி இணைப்பதைக் கோர்வை என்பார்கள். இந்தக் கடைக்கு வரும்வரை எனக்கு அந்த வார்த்தையே தெரியாது. இப்போது அந்த இணைப்பை விரலால் தடவியே கோர்வையா இல்லையா என்று சொல்லிவிடுவேன். சில நாள் தப்பாகச் சொல்வேன். ஜமுனா திருத்துவாள். மறுபடி தடவிப் பார்ப்பேன்.