பதினேழாவது குழியில் மூன்று நிமிடம்

நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, இது நடந்தது. நடுராத்திரியில் அல்ல, வெயிலில் நடந்தது. என் கையில் கடிகாரம் இருந்தது. என்னைச் சுற்றி ஏழு பேர் இருக்கிறார்கள் என்றுதான் அன்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் பெயர் தோவா. கடலோர மணல்மேட்டில் இருக்கிற கோல்ஃப் மைதானத்தில் கேடி வேலை. ஆட்டக்காரரின் பையை வண்டியில் வைத்து இழுக்க வேண்டும், பந்து விழுகிற இடத்தைப் பார்த்து வைக்க வேண்டும், தொலைந்தால் தேட வேண்டும். தேடுவதற்கு மூன்று நிமிடம்தான். அதற்குள் கிடைக்காவிட்டால் அது தொலைந்த பந்து, வேறு பந்து போட்டு ஆட வேண்டியதுதான். மற்ற பெண்கள் ஆட்டக்காரரின் முகத்தைப் பார்த்து அரை நிமிடம் கூட்டிக் கொடுப்பார்கள். நான் கொடுக்க மாட்டேன். "தேடினது போதும், வாங்க" என்று சொல்லிவிட்டு நடந்துவிடுவேன்.

என் புருஷன் விஷயத்தில் மட்டும் அந்தச் சொல் என் வாயில் வரவில்லை. கியெம் மீன்பிடிக்கப் போன படகு புயலில் போய் மூன்று வருடம். ஒன்பது நாள் தேடினார்கள், உடல் கிடைக்கவில்லை. எங்கள் கரையில் அப்படிப் போனவர்களுக்குக் காற்றுக் கல்லறை கட்டுவோம். களிமண்ணில் ஆள் செய்து, கடலைப் பார்த்து உயிரை அழைத்து, அந்த மண் ஆளைப் புதைப்பது வழக்கம். ஆனால் முதலில் பெண்டாட்டி தன் வாயால் "தேடினது போதும், வா" என்று சொல்ல வேண்டும். அவள் சொல்லாவிட்டால் சடங்கு இல்லை. உடல் என்றாவது கரையேறும் என்று நான் சொல்லாமலே இருந்தேன். தன் பிள்ளையை நான் தண்ணீரிலேயே ஊறப் போட்டிருக்கிறேன் என்று மாமியார் தெருவெல்லாம் சொன்னார். கடைசியில் அவரே நாள் குறித்துவிட்டார். மறுநாள் காலை சடங்கு. நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது மனசு. கடித்தாலும் வலிக்காது.

அன்று மத்தியானம் 12:50க்குக் கிளம்பிய கோஷ்டி நான்கு கொரியாக்காரர்கள், ஆளுக்கு ஒரு கேடி. ஜனவரியில் அவர்கள் ஊர்ப் புல்லெல்லாம் உறைந்து கிடக்கும், அதனால் வெயிலைத் தேடி இங்கே வருவார்கள். நான் பை இழுத்தது தாக் என்பவருக்கு, வாயாடி. அவருடைய நண்பர் பியோன் அடித்த பந்தெல்லாம் தாழம்புதருக்குள் போனது. "உன் பந்துங்கல்லாம் இந்த ஊர்லயே பொண்ணு பாத்துக் குடித்தனம் வெச்சிடுச்சுடா" என்றார் தாக். பியோன், வீட்டில் உன் பேச்சைக் கேட்க ஆள் இல்லாமல்தான் இங்கே வந்து கத்துகிறாய் என்று திருப்பிக் கொடுத்தார்.

பியோனுக்குக் கேடி சுயென். என்னைவிட ஆறு வயது சின்னவள், வாய் மூடாதவள். வெயிலுக்குப் பயந்து நாங்கள் எல்லோரும் கண்ணை மட்டும் விட்டு முகத்தைத் துணியால் சுற்றி, ஓலைத் தொப்பி போட்டுக்கொள்வோம். தூரத்தில் இருந்து பார்த்தால் யார் யாரென்று தெரியாது.

ஒன்பது குழி முடிந்ததும் குடிதண்ணீர் நிரப்ப நான் முன்னால் போய்விட்டேன். பத்தாவதில் பார்த்தால் பியோன் தன் பை வண்டியைத் தானே இழுத்துக்கொண்டு வருகிறார். சுயென் அதிர்ஷ்டக்காரி என்று நினைத்தேன்.

3:48. பதின்மூன்றாவது குழி. பியோனின் பந்து மேட்டுக்கு அப்பால் போனது. தேடினோம். புதருக்கு அந்தப் பக்கம் சுயென் குனிந்து மணலைத் துழாவிக்கொண்டிருந்தாள். மூன்று நிமிடம் ஆனதும் எல்லோரும் வந்துவிட்டோம். அவள் மட்டும் வரவில்லை. தாமதமாக வருவாள் என்று விட்டுவிட்டேன்.

4:31. பதினைந்தாவது. மறுபடியும் அவள் எங்களுக்கு முன்பே மேட்டில் இருந்தாள். "உன் ஆள் பந்தைக் கண்ணால பாக்காமலே தேட வந்துட்டியாடி" என்று கிண்டல் செய்தேன். பதில் இல்லை. வாய் மூடாத சுயென்... காலையிலிருந்து நான் பேசாததால் கோபம் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

கடல் காற்று பலமாக அடித்தது. என் முகத்துணி படபடவென்று பறந்தது. அவளுடையது பறக்கவில்லை. உடம்போடு ஒட்டித் தொங்கியது.

நனைந்திருந்தது.

5:06. பதினேழாவது குழி. கடலை ஒட்டிய கடைசி மேடு. பியோன் அடித்தார், பந்து மறைந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன்.

அவள் ஏற்கனவே அங்கே இருந்தாள். மண்டியிட்டு, இரண்டு கையாலும் மணலைத் தோண்டிக்கொண்டிருந்தாள். சர்... சர்... சர்... அந்தச் சத்தம் காற்றை மீறிக் கேட்டது. பந்து மணலுக்கு மேலேதான் கிடக்கும். அதற்கு யார் இப்படித் தோண்டுவார்கள்?

5:08. சத்தம் வேகமானது.

5:09. நேரம் முடிந்தது. மற்றவர்கள் திரும்பி நடந்தார்கள். அவள் நிறுத்தவில்லை. எனக்கு எரிச்சல் வந்தது. கடிகாரத்தைப் பார்த்தபடியே குரல் கொடுத்தேன்.

"தேடினது போதும். வா."

சத்தம் நின்றது.

அந்த உருவம் நிமிர்ந்தபோதுதான் அதன் தோள் அகலத்தைப் பார்த்தேன். சுயெனுக்கு அவ்வளவு அகலம் இல்லை. தொப்பி என் பக்கம் திரும்பியது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு மேட்டின் அந்தப் பக்கம் இறங்கியது.

ஓடிப் போய்ப் பார்த்தேன்.

கீழே வெறும் கடற்கரை. காலடித் தடம் இல்லை. ஒரு ஈரக்கோடு மட்டும் தண்ணீர் வரை.

தோண்டிய பள்ளம் என் காலடியில் இருந்தது. முழங்கை ஆழம்.

பியோன் கீழே நின்று கூப்பிட்டார். கேடிகள் கற்றுக்கொள்கிற கொரிய மொழியில் சுயென் எங்கே என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"அந்தப் பொண்ணு ஒன்பதாவதுலயே கால் பிசகி வண்டி ஏறிப் போயிடுச்சே. நான்தானே பையை இழுத்துட்டு வரேன். நீங்க யாரோட பேசிக்கிட்டிருந்தீங்க?"

பந்து தேடினேன் என்று சொன்னேன். பதினெட்டாவது குழியையும் ஆடி முடித்தோம். பயம் வரவில்லை. எதுவும் வரவில்லை.

மறுநாள் காலை 6:20க்குக் கடற்கரையில் மண் ஆள் படுத்திருந்தது. சடங்கு செய்கிற ஞாம் எனக்கு ஊதுவத்தி கொடுத்தார். மாமியார் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தேன். ஞாம் கையை உயர்த்தித் தடுத்தார்.

"வேண்டாம்மா. ஒருத்தரை ரெண்டு தடவை கூப்பிடக் கூடாது. நேத்து சாயங்காலமே வந்துட்டான். 'அவ சொல்லிட்டா'ன்னான்."

எத்தனை மணிக்கு என்று கேட்டேன். விளக்கு ஏற்றுவதற்கு முன்னால், ஐந்தே கால் இருக்கும் என்றார். மைதானத்தில் நடந்ததை நான் ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை. அங்கிருந்து எங்கள் கிராமம் பதினோரு கிலோமீட்டர். மண் ஆளைப் புதைத்தோம், மேலே கியெமின் பெயர் எழுதிய கல்லை வைத்தோம். மாமியார் மூன்று வருடத்தில் முதல் தடவையாக என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பன்னிரண்டு நாள் கழித்து அடித்த காற்றில் பதினேழாவது மேடு ஒரு பக்கம் சரிந்தது. மண் அள்ளப் போன தொழிலாளிகள் ஓர் ஆளின் எலும்புகளைப் பார்த்தார்கள். கியெமின் படகு போன புயலில் கடல் அதுவரை ஏறியிருந்தது. இடுப்பில் இருந்த பெல்ட்டை வைத்து நான்தான் அடையாளம் சொன்னேன். அது நான் வாங்கிக் கொடுத்தது.

எலும்புகளைக் கல்லறையில் சேர்த்துவிடலாமா என்று ஞாமிடம் கேட்டேன். அழைத்த உயிர் மண் ஆளில் இறங்கியாயிற்று, இனி இந்த எலும்பு யாருடையதும் இல்லை, அதை அவன் பக்கத்தில் கொண்டுவராதே என்றார்.

இடத்தைக் காட்டச் சொல்லித் தொழிலாளிகளோடு போனேன். அன்று அவன் தோண்டிய பள்ளம் பாதி மூடி இன்னும் இருந்தது. அதிலிருந்து இன்னும் ஒரு சாண் கீழேதான் கிடந்திருக்கிறான்.